ஜெர்சி போட்டவர் எல்லாம் வரலாறா?

போன வாரம் ஒரு கடிதம் வெளியிட்டோம். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு கால்பந்து கிளப்புக்கு 75 வயது. பவள விழா மலர் போடுகிறார்கள். இதுவரை ஆடியவர்கள் 400 பேருக்கு மேல். மலர் 96 பக்கம். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று கமிட்டியில் நாற்காலி பறக்கிறதாம். வந்தது ஒரு கடிதம். அதைப் படித்துவிட்டு வந்தது ஒரு மூட்டை. இந்த வாரம் முழுக்க ஃபுட்பால்தான். விசில் ஊதியாச்சு, வாங்க.

கிளப் செயலாளர், திண்டுக்கல்: ஐயா, நீட்டி முழக்காமல் ஒரே வரியில் விதி சொல்லுங்கள். நாளை கமிட்டி கூடுகிறது.

பெயர் எல்லாருக்கும், பக்கம் சிலருக்கு.

கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் பேரெல்லாம் வரும். அதற்காக எல்லாரையும் மணவறையில் உட்கார வைக்கிறோமா? ஒரே ஒரு மேட்ச் ஆடியவருக்கும் மலரின் பின்பக்கத்தில் ஒரு வரி: பெயர், ஆடிய இடம், ஆண்டு. அந்த வரியை மறுக்க எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் கிடையாது. பக்கத்துக்கு மட்டும் சண்டை போடுங்கள், நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கோயம்புத்தூர்: ஏனுங்க, 100 மேட்ச் ஆடியிருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே என்று கோடு கிழித்துவிட்டால் வம்பே இல்லையே?

வம்பு இருக்காது. ஜெஃப் பென்ட்டும் இருக்க மாட்டார்.

மான்செஸ்டர் யுனைடெட்டின் மாற்று பேக் அவர். மொத்தம் ஆடியதே 12 மேட்ச். கேப்டன் ரோஜர் பைர்னுக்கு உடம்பு முழுசாகச் சரியில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று பெல்கிரேடுக்குக் கூட்டிப் போனார்கள். பைர்னே ஆடினார், பென்ட் உட்கார்ந்து பார்த்தார். திரும்பும் வழியில், 1958 பிப்ரவரி 6-ம் தேதி, மியூனிக் ஓடுபாதையில் விமானம் நொறுங்கியது. பலியான 8 ஆட்டக்காரர்களில் இருவரும் உண்டு.

உங்கள் கோட்டுக்கு அவரிடம் 88 மேட்ச் குறைகிறது. சிவப்புப் பேனாவை எடுத்து நீங்களே அடியுங்கள், பார்ப்போம்.

உப்பள ஊழியர், தூத்துக்குடி: அண்ணாச்சி, நெடுங்காலம் ஆடினவனுக்குப் பெரிய பக்கமா, நெறைய கோல் அடிச்சவனுக்கா?

லிவர்பூல் நகரத்தில் ஒரு பூங்கா. 2025 வரை அதற்கு இந்தப் பக்கம் ஒரு கிளப், அந்தப் பக்கம் ஒரு கிளப். இந்தப் பக்கம் லிவர்பூலுக்கு இயன் காலகன் 857 மேட்ச். அந்தப் பக்கம் எவர்ட்டனுக்கு டிக்ஸி டீன், 1927-28 லீக்கில் மட்டும் 60 கோல். முன்னதை லிவர்பூலில் எவரும் தொடவில்லை. பின்னதை இங்கிலாந்தின் முதல் டிவிஷனிலேயே எவரும் தொடவில்லை. உப்பளத்தில் இருக்கிறீர்கள்: கடல் தண்ணி பெருசா, வெயில் பெருசா? ஒண்ணு இல்லாமல் உப்பு வருமா?

டீனைப் பற்றி இன்னொரு செய்தி. 1980 மார்ச் 1, குடிசன் பார்க் மைதானத்தில் எவர்ட்டன் - லிவர்பூல் மேட்ச் பார்க்க வந்திருந்தார். அங்கேயே உயிர் பிரிந்தது. அவருக்குப் பக்கம் ஒதுக்க எந்தக் கமிட்டியும் கூட வேண்டியதில்லை.

கல்லூரி மாணவி, மதுரை: ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டுக் கூடுதல் சம்பளத்துக்குக் கிளம்பிவிட்டவருக்கு இடம் உண்டா?

பிரேசிலின் ரொனால்டோ பார்சிலோனாவில் இருந்தது 1996-97 ஒரே சீசன். 49 மேட்ச், 47 கோல். அடுத்த சீசன் இத்தாலியில் இன்டர் மிலான்.

பெய்தது ஒரு ராத்திரிதான். கண்மாய் நிறைஞ்சு போச்சே. பக்கம் கொடுங்கள். வந்ததை விரிவாக எழுதுங்கள், போனதை ஒரு வரியில் முடியுங்கள்.

ஆட்டோ ஓட்டுநர், பெரம்பூர்: தலைவரே, ஆளை ஏமாத்தி டீமுக்குள்ள பூந்தவன் பேரும் போடணுமா?

போடணும்! 1996 நவம்பர், சவுதாம்ப்டன் மேனேஜருக்கு ஒரு போன். 'ஜார்ஜ் வேயா பேசுகிறேன், என் உறவுக்காரப் பையன் ஒருத்தன் இருக்கிறான், பிரமாதமாக ஆடுவான்.' பேசியது அந்த உலகப் புகழ் ஆட்டக்காரர் வேயா இல்லை. வந்த அலி டியாவை லீட்ஸ் அணிக்கு எதிராக, அடிபட்ட லே டிஸ்ஸியருக்குப் பதிலாக 32-வது நிமிடத்தில் இறக்கினார்கள். பந்து ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். 85-வது நிமிடத்தில் மாற்றாக வந்தவருக்கே மாற்று!

53 நிமிடம் ஆடினார், அது நடந்தது. நடந்ததை எழுதுவதுதான் வரலாறு. நடந்திருக்க வேண்டியதை மட்டும் எழுதினால் அதற்கு வேறு பேர்: வாழ்த்து மடல்.

நூலகர், தஞ்சாவூர்: ஒன்றிரண்டு மேட்ச் மட்டும் ஆடியும் ஒரு கிளப்பின் வரலாற்றில் நிற்பவர் எவராவது உண்டா? நல்ல உதாரணமாகச் சொல்லுங்கள்.

உண்டு. கொல்கத்தாக்காரர் முகமது சலீம். முகமதன் ஸ்போர்ட்டிங்கில் ஆடியவர். 1934-லிருந்து தொடர்ந்து 5 வருஷம் கல்கத்தா லீக்கை வென்ற கிளப் அது. 1936-ல் கிளாஸ்கோ போய் செல்டிக் கிளப்பின் கதவைத் தட்டினார். 'பூட்ஸ் போட மாட்டேன், வெறுங்காலில்தான் ஆடுவேன்.' காலில் கட்டுத்துணி மட்டும் சுற்றிக்கொண்டு இறங்கினார். செல்டிக்கின் ஜிம்மி மெக்மெனமி குனிந்து அவர் பாதத்துக்குத் துணி சுற்றும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. படத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள்: 1936-ல் ஒரு வெள்ளைக்காரர் ஓர் இந்தியரின் காலடியில்.

இரண்டாம் நிலை அணிக்கு ஆடியது இரண்டே மேட்ச். கிளாஸ்கோ பத்திரிகைகள் அசந்துபோயின. ஆனால் ஊர் ஞாபகம் வந்துவிட்டது, கப்பல் ஏறிவிட்டார்.

ரொம்பக் காலம் கழித்து, அவர் முதுமையில் உடம்பு முடியாமல் இருந்தபோது, மகன் செல்டிக்குக் கடிதம் எழுதினார். வைத்தியத்துக்குப் பணம் வேண்டும் என்பது சாக்கு. அப்பாவை அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எழுதினாராம். பதில் வந்தது, உள்ளே 100 பவுண்டு டிராஃப்ட். மகன் அதை மாற்றவே இல்லை. பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார்.

இரண்டு மேட்ச்! கோவை வாத்தியார் கவனிக்கவும்.

வங்கி ஊழியர், சேலம்: 1911-ல் வெள்ளைக்காரனை ஜெயித்த மோகன் பகான் அணியில் 11 பேருக்கும் சம மரியாதையா? கோல் அடித்தவர்கள் இருவர்தானே?

1911 ஜூலை 29, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஃபைனல், எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். 2-1. சிவதாஸ் பாதுரி ஒன்று, அபிலாஷ் கோஷ் ஒன்று. ஆனால் மோகன் பகான்காரர்கள் இன்றும் கொண்டாடுவது அந்த இருவரை மட்டுமல்ல, 11 பேரையும். ஜூலை 29 அவர்களுக்குக் கிளப் தினம்.

அந்த அணியில் பூட்ஸ் போட்டவர் சுதீர் சட்டர்ஜி ஒருவர்தான். மற்ற 10 பேரும் வெறுங்கால். 20 பாதத்தில் எந்தப் பாதத்துக்கு மரியாதையைக் குறைக்கலாம் என்கிறீர்கள்?

முன்னாள் ராணுவ வீரர், வேலூர்: மூன்று கிளப்புக்கு ஆடியவரை எந்தக் கிளப் வரலாற்றில் சேர்ப்பது? யாருக்குச் சொந்தம்?

உங்கள் ராணுவத்துக்காரரையே சொல்கிறேன்: பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்காக 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் கோலி. 1967-ல் அர்ஜுனா விருது. ராணுவத்துக்கு அப்புறம் கொல்கத்தாவில் முகமதன், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் கோல் போஸ்ட் காத்தார். அந்த மூன்று கிளப்பும் ஒன்றுக்கொன்று எப்படி என்று கேட்டால் கொல்கத்தாவில் மீன் விலையைக்கூட நிறுத்திவிட்டுச் சொல்வார்கள்.

மூன்றுக்கும் சொந்தம். ரெஜிமென்டையும் சேர்த்தால் நாலு. பிள்ளை பேரை ரேஷன் கார்டில் ஒரு வீட்டில்தான் சேர்க்க முடியும்; கோலி பேரை எத்தனை புத்தகத்திலும் சேர்க்கலாம்.

ஐ.டி. ஊழியர், ஓசூர்: எதிரி கிளப்புக்குத் தாவியவரை? துரோகிக்கும் பக்கமா?

2000-ல் லூயிஸ் ஃபிகோ பார்சிலோனாவிலிருந்து ரியல் மாட்ரிட் போனார். 2002-ல் பழைய மைதானத்தில் கார்னர் எடுக்கப் போனபோது பன்றித்தலை வந்து விழுந்தது. கோபம் நியாயமா என்பது தனிக் கேள்வி. ஆனால் பார்சிலோனாவுக்காக அவர் ஆடிய 5 வருஷத்தைப் பன்றித்தலையால் மூட முடியாது.

டெனிஸ் லா கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 237 கோல். கடைசிக் காலத்தில் பக்கத்து எதிரி சிட்டி. 1974 ஏப்ரல் 27, பழைய மைதானத்தில் பழைய கிளப்புக்கு எதிராக, குதிகாலால் ஒரு தட்டு, கோல். கையைத் தூக்கவில்லை. சிரிக்கவில்லை. சக ஆட்டக்காரர்கள் வந்து கட்டிக்கொண்டபோதும் முகம் செத்துப்போயிருந்தது. அந்த சீசனோடு யுனைடெட் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. மற்ற மேட்ச் முடிவுகளால் அந்த கோல் இல்லாவிட்டாலும் இறங்கியிருக்கும். அது வேறு விஷயம்.

இன்று அதே மைதானத்து வாசலில் யுனைடெட் தோழர்கள் பெஸ்ட், சார்ல்டனோடு அவர் சிலை நிற்கிறது. அந்தக் குதிகாலும் சேர்ந்துதான் வெண்கலத்தில் இருக்கிறது.

வழக்கறிஞர், நாகர்கோவில்: மேட்ச் ஃபிக்ஸிங்கில் தண்டனை பெற்றவரை நீக்கிவிடலாம் அல்லவா?

வக்கீல் ஐயா, வாதி பிரதிவாதி இரண்டையும் கேளுங்கள். சாண்டி டர்ன்புல். 1909 எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் மான்செஸ்டர் யுனைடெட் 1-0. அந்த ஒரு கோல் அவருடையது. 1910-ல் ஓல்டு டிராஃபோர்டு மைதானம் திறந்தபோது அங்கே விழுந்த முதல் கோலும் அவருடையது.

1915 புனித வெள்ளி, யுனைடெட் - லிவர்பூல், 2-0. முன்கூட்டியே பேசி வைத்து, பந்தயம் கட்டி ஆடிய ஆட்டம். 7 ஆட்டக்காரர்களுக்கு ஆயுள் தடை; டர்ன்புல் அதில் ஒருவர். அந்த மேட்ச்சில் அவர் ஆடவில்லை, ஆனால் ஏற்பாட்டில் இருந்தார். பட்டாளத்தில் சேர்ந்தார். 1917 மே மாதம் பிரான்சில் செத்தார். போர் முடிந்து தடையை நீக்கினார்கள், ஆள் இல்லாத பேருக்கு.

கோலையும் எழுதுங்கள், குற்றத்தையும் எழுதுங்கள், சாவையும் எழுதுங்கள். எதையாவது நீக்கினால் மீதி பொய்யாகிவிடும்.

பள்ளி மாணவன், ஈரோடு: மாமா, சேம் சைடு கோல் போட்டவங்க பேரும் வரலாற்றில வருமா?

ஆஸ்டன் வில்லாவின் கிறிஸ் நிக்கல், 1976 மார்ச் 20, லெஸ்டருக்கு எதிராக. மேட்ச் 2-2. நாலு கோலும் அவரே! நீ நாலு பாடத்திலும் ஃபெயிலானால் சொல்லு, உன்னையும் பேசுவோம். அவர் மறுபடி மறுபடி எழுந்து ஓடியதால்தான் பேசுகிறோம்.

வரலாற்றுப் பேராசிரியை, சிதம்பரம்: போர்க்காலத்தில் ஆடியவர்கள் பெரும்பாலும் பட்டியலில் விடுபடுகிறார்களே, ஏன்?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் இங்கிலாந்து லீக்கை நிறுத்தினார்கள். அந்த சீசனில் ஆடி முடித்த 3 மேட்ச்சும் கணக்கிலிருந்தே அழிக்கப்பட்டன. அப்புறம் ஆறேழு வருஷம் நடந்ததெல்லாம் 'போர்க்கால மேட்ச்'. அதிகாரப்பூர்வக் கணக்கில் வராது. இருபதிலிருந்து இருபத்தாறு வரை, ஆட்டக்காரனின் நல்ல வயசு முழுக்க அதில் போனவர்கள் எத்தனையோ பேர்.

விருந்தாளி ஆட்டக்காரர்கள் வேறு. பட்டாள முகாமுக்குப் பக்கத்தில் எந்தக் கிளப்போ அதற்கு ஆடலாம். அப்படித்தான் ஆல்டர்ஷாட் என்ற மூன்றாம் டிவிஷன் கிளப்புக்கு பிரிட்டன், கல்லிஸ், மெர்சர் என்று இங்கிலாந்து அணியின் அரைத்தடுப்பு வரிசையே வந்து ஆடியது. நம் ஊர் செவன்ஸ் டீமுக்கு இந்திய அணியே வந்து நின்ற மாதிரி.

தனித் தலைப்பு போட்டு எழுதுங்கள்: 'போர்க்காலத்தில் நமக்காக ஆடியவர்கள்'. எண்ணிக்கையில் கூட்ட வேண்டாம். ஆளை விட வேண்டாம்.

அதே பேராசிரியை: கூட ஒரு கேள்வி. ஆடுவதை விட்டுவிட்டுப் போருக்கே போனவர்கள்?

எடின்பரோவின் ஹார்ட்ஸ். 1914 நவம்பர், லீக்கில் முதலிடம். 16 ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ராத்திரி முழுக்க அணிவகுப்புப் பயிற்சி, சனிக்கிழமை மேட்ச். கால் ஓய்ந்தது, கோப்பை செல்டிக்குக்குப் போயிற்று. முதல் அணி ஆட்டக்காரர்கள் 7 பேர் போரில் மாண்டார்கள், அதில் மூவர் 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாளிலேயே.

1922-ல் ஹேமார்க்கெட் முச்சந்தியில் மணிக்கூண்டு எழுப்பினார்கள். ஒவ்வொரு நவம்பரும் அங்கே கூடுகிறார்கள். ஹார்ட்ஸ் தோற்ற சீசன் அது. அந்தக் கிளப்பில் எந்தக் கோப்பை சீசனைவிடவும் அதைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள்.

மருந்தாளுநர், விழுப்புரம்: ஊரே வெறுத்தவர் ஒருவர் பின்னால் ஊரே கொண்டாடும் ஆளாவது உண்டா?

பெர்ட் டிராட்மன். ஜெர்மன் பாராசூட் படை வீரர். இங்கிலாந்தில் போர்க் கைதி. 1949-ல் மான்செஸ்டர் சிட்டி அவரை கோல்கீப்பராக எடுத்ததும் 20,000 பேர் வீதிக்கு வந்தார்கள். அந்த நகரத்தின் யூத ரப்பி அலெக்சாண்டர் ஆல்ட்மன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: ஒரு நாட்டின் குற்றத்துக்கு ஒரு தனி மனிதனைத் தண்டிக்கக் கூடாது என்று.

டிராட்மன் 545 மேட்ச் ஆடினார். 1956 கோப்பை ஃபைனலில் 17 நிமிடம் மிச்சம் இருக்கும்போது கழுத்தில் முட்டி மோதியது. ஆடி முடித்து, ஜெயித்து, மெடல் வாங்கினார். சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது! அவருக்கு ஒரு பக்கம் போடுங்கள். எதிர்ப்பக்கத்தில் அந்த ரப்பிக்கும்.

பி.டி. ஆசிரியை, மதுரை: பெண்கள் அணியை எந்த மலரிலும் காணோமே! நாங்கள் ஆடியது ஆட்டமில்லையா?

1920 டிசம்பர் 26, குடிசன் பார்க். டிக், கெர் பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க உள்ளே 53,000 பேர். அடுத்த வருஷம் டிசம்பர் 5-ம் தேதி இங்கிலாந்து கால்பந்து சங்கம், 'இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல' என்று தன் கிளப் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அரை நூற்றாண்டு அந்தத் தடை நீடித்தது.

அந்த அணியின் லில்லி பார், அடித்தால் கிராஸ்பார் அதிரும் என்பார்கள். 2002-ல்தான் கால்பந்துப் புகழரங்கத்தில் இடம் கிடைத்தது, இறந்து 24 வருஷம் கழித்து. 53,000 பேர் சாட்சி இருந்தும் இந்தக் கதி.

உங்கள் ஊர் சேது எஃப்.சி. பெண்கள் 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றார்கள். ஆடிய ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் டீச்சர். 2069-ல் ஒருவர் தேடுவார்.

மளிகைக் கடைக்காரர், விருதுநகர்: பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவருக்கு?

சப்ஸ்டிடியூட்டாக இறங்கியே பக்கம் வாங்கியவர் சோல்ஷயர். 1999 மே 26, பார்சிலோனா, 81-வது நிமிடத்தில் உள்ளே. இஞ்சுரி டைமின் 3-வது நிமிடத்தில் கோல். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஐரோப்பியக் கோப்பை. பெஞ்சில் உட்கார்ந்து எதிரணியின் ஓட்டையைப் படித்துக்கொண்டிருப்பாராம்.

இறங்கவே இறங்காமல் போனவருக்கும் வரி உண்டு. கல்லாவில் உட்கார்ந்தவர்தான் வியாபாரி, மூட்டை தூக்கினவர் இல்லை என்பீர்களா?

கல்லூரி முதல்வர், திருச்சி: எங்கள் பழைய அணியில் சுமாராக ஆடிய ஒருவர் பின்னாளில் பெரிய பதவிக்குப் போனார். அவரை ஆட்டக்காரராகவே பெரிதாக எழுதச் சொல்கிறார்கள்.

டென்மார்க்கின் அகடெமிஸ்க் கிளப். அண்ணன் நீல்ஸ் போர், கோல்கீப்பர். தம்பி ஹரால்டு, நடுக்களம். 1922-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர் அண்ணன். 1908 ஒலிம்பிக்கில் கால்பந்து வெள்ளி வாங்கியவர் தம்பி. கிளப் வரலாற்றில் யாருக்குப் பெரிய பக்கம் என்று இப்போது சொல்லுங்கள்.

அணுவின் அமைப்பைக் கண்டுசொன்னவருக்கே சலுகை இல்லை. உங்கள் பதவிக்காரர் என்ன கண்டுசொன்னார்?

மீண்டும் கிளப் செயலாளர், திண்டுக்கல்: தந்தி மாதிரி எழுதுகிறேன். மலருக்குப் பணம் தருபவர் தன் மச்சானுக்கு முழுப் பக்கம் கேட்கிறார். மச்சான் ஆடியது 4 மேட்ச்.

விளம்பரப் பக்கத்தில் போடுங்கள். படம் பெரிதாகவே போடுங்கள். ஆட்டக்காரர் பட்டியலில் ஒரு வரி, 4 மேட்ச் என்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் கட்டுங்கள்; அதைக் கட்டத் தெரியாத கமிட்டி மலர் போட வேண்டாம்.

புள்ளிவிவரப் பிரியர், பாண்டிச்சேரி: நட்பு ஆட்டங்களின் கோலைக் கணக்கில் சேர்க்கலாமா?

பாலினோ அல்கான்ட்ரா, பிலிப்பைன்ஸில் பிறந்தவர். 1912-ல் பார்சிலோனாவுக்கு முதல் மேட்ச்; வயது 15, அடித்தது 3 கோல். கடைசியில் டாக்டருக்குப் படித்து, ஆட்டத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் கணக்கு 369 கோல் என்று நெடுங்காலம் நின்றது. 2014 மார்ச்சில்தான் மெஸ்ஸி தாண்டினார். அதில் நட்பு ஆட்டக் கோல்களும் உண்டு, ஏனென்றால் அந்தக் காலத்தில் பாதி ஆட்டம் அதுதான்.

சேர்க்கலாம். எப்படி எண்ணினீர்கள் என்று பட்டியலுக்கு மேலே ஒரு வரி எழுதுங்கள். தராசைக் காட்டிவிட்டு நிறுத்தால் எந்த எடைக்கும் சண்டை வராது.

கறிக்கடை உரிமையாளர், வியாசர்பாடி: தலைவா, நம்ம சென்னையின் எஃப்.சி. 2014-ல பொறந்த கொழந்தை. அதுக்கெல்லாம் ஏது வரலாறு?

குழந்தைக்குத்தான் தலைவா முதல் பல் விழுந்த தேதியை எழுதி வைக்கணும்! 2015, 2017-18, ரெண்டு கோப்பை. ரெண்டாவது கோப்பை அணியின் நடுக்களத்தில் நின்ற தனபால் கணேஷ் உங்கள் வியாசர்பாடி. அவர் பந்தைத் தட்டிப் பழகிய மண் எது, முதல் பூட்ஸ் எங்கே கிடைத்தது, எல்லாம் தெரிந்தவர்கள் இன்று உங்கள் தெருவிலேயே டீ குடிக்கிறார்கள். போய்க் கேட்டு எழுதுங்கள்.

மருத்துவர், கும்பகோணம்: காணாமல் போன ஆட்டக்காரரை ஒரு கிளப் தேடிப்போனதுண்டா?

ஈரானின் மஜீத் பிஷ்கர். 1978 உலகக்கோப்பை ஈரான் குழுவில் இருந்தவர், அலிகாருக்குப் படிக்க வந்து, 1980-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார். பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். பின்னால் வாழ்க்கை சரிந்தது, ஊர் திரும்பினார், பேச்சு மூச்சில்லை. 2019-ல் கிளப்பின் நூற்றாண்டுக்குக் கண்டுபிடித்து வரவழைத்தார்கள். கொல்கத்தா விமான நிலையத்தில் நள்ளிரவு தாண்டியும் கூட்டம். நடுவில் ஒரு நரைத்த மனிதர். அவர் ஆடியதைப் பார்த்தே இராத பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

தபால் ஊழியர், ராமநாதபுரம்: பெரியவர்கள் சொல்வதை எல்லாம் நம்பி எழுதலாமா? எங்கள் ஊரில் ஒருவர் கார்னரிலிருந்து நேராக 12 கோல் அடித்ததாகச் சொல்கிறார்.

கோலில் பாதியைக் கழியுங்கள், பெயரில் ஒன்றைக்கூடக் கழிக்காதீர்கள். வயசானவர்களுக்கு ஸ்கோர் வளரும். கூட ஆடினவன் பேர் மாறாது.

கிளப்பின் பழைய வரவு செலவு நோட்டைப் பாருங்கள்: 'எலுமிச்சம்பழம், சோடா, 14 பேருக்கு பஸ் சார்ஜ்' என்று இருக்கும். அதில்தான் ஆள் பேர் கிடைக்கும். எழும்பூர் கன்னிமரா நூலகத்தில் பழைய பத்திரிகைத் தொகுப்பு இருக்கிறது. ஜெயித்த மேட்ச்சை மட்டும் தேடாதீர்கள். தோற்றதற்கும் டீம் இறங்கியிருக்கும்.

பென்ஷனர், காரைக்குடி: எல்லாருக்கும் சொல்கிறீர்களே, உங்கள் ஊர் கிளப் வரலாற்றை நீங்கள் எழுதினீர்களா?

எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் கிளப் அறையில் ஒரு சட்டம் போட்ட படம். இடது மூலையைக் கறையான் தின்றுவிட்டது. முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவரின் மடியில் பந்து. பந்தில் சாக்பீஸில் '1964'. கீழே மையில் பெயர்கள். வலமிருந்து இரண்டாமவருக்கு நேராக மட்டும் வெறும் கோடு. மற்ற எல்லாருக்கும் இனிஷியலோடு பேர் இருக்க, அந்த ஒருத்தருக்கு ஏன் கோடு என்று எத்தனையோ நாள் அதன் முன்னால் நின்றிருக்கிறேன்.

போன மாதம் படத்தைக் கழற்றி, துண்டில் சுற்றி, பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே தினம் வரும் பெரியவர் ஒருவர் அந்த அணியில் ரைட் பேக். கண்ணாடியைத் துடைத்துவிட்டு முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். 'முட்டியில துணி கட்டியிருக்கான் பாரு. லெஃப்ட் அவுட். தச்சு வேலை பார்த்தான். இந்தப் படம் எடுத்த மறு வாரம் பிழைக்க வெளியூர் போயிட்டான்' என்றார். பெயரையும் சொன்னார்.

அந்தப் பெயரை இங்கே அச்சில் போடாமல் விட்டிருப்பதற்குக் காரணம் இனிஷியல். 'எம்'மா 'என்'னா என்று பெரியவருக்குச் சந்தேகம். மகள் மானாமதுரையில் இருக்கிறாராம், கடிதம் போட்டிருக்கிறேன். படத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே இப்போதைக்குப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.